கார் கியர்பாக்ஸ் எவ்வளவு காலம் உழைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியர்பாக்ஸ் வேலைக்கு வரும் கார்களோடு ஒரே மாதிரியான சந்தேகங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. சில கேள்விகள் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்த கியர்பாக்ஸைப் பிரிக்கவே வேண்டியிருந்திருக்காது. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. இன்ஜினும் சுத்துது, சக்கரமும் சுத்துது. நடுவுல கியர்பாக்ஸ் எதுக்கு?

பெட்ரோல் இன்ஜின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 700, 800 சுற்று சுற்றுகிறது. அதற்கு ரொம்பக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். மேலே 6,000, 7,000 வரை போகும். சக்கரத்தின் கணக்கு வேறு. அது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், 100 கி.மீ. வேகத்தில்கூட நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 சுற்றுதான். கிளம்பும்போது சக்கரத்துக்கு வேகம் தேவையில்லை, இழுவை தேவை. ஓட ஆரம்பித்த பிறகு இழுவை குறைந்தாலும் பரவாயில்லை, வேகம் வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் பொருத்திவைப்பது கியர்பாக்ஸ்.

வண்டி கிளம்பும் ஒவ்வொரு தடவையும், சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றை நின்றுகொண்டிருக்கும் ஒன்றோடு இணைக்க வேண்டியிருக்கிறது. அந்த இணைப்பு நடக்கும் ஓரிரு நொடிகள்தான் உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கடினமான நேரம். பின்னால் வரும் பதில்களில் பாதி அந்த நொடிகளைப் பற்றியவைதான்.

2. எத்தனை வகை இருக்கு? என் கார்ல இருக்கறது எதுன்னே எனக்குத் தெரியல.

மூன்று பெடல் இருந்தால் மேனுவல். இரண்டு பெடல் என்றால் பெரும்பாலும் நான்கில் ஒன்று. எது என்று தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் ஒன்றுக்குச் சொன்ன பக்குவம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. கார் கையேட்டின் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் வகை கண்டிப்பாக இருக்கும்.

ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் நமக்குப் பதிலாக மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ செய்கிறது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடுவது அதனால்தான், அது கோளாறில்லை. அடுத்தது டார்க் கன்வெர்ட்டர் வகை. இதில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது ஆயில். பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக், ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபிலில் கொடுத்த ஹைட்ராமேட்டிக். அதில் இருந்தது டார்க் கன்வெர்ட்டருக்கு முந்தைய, இன்னும் எளிமையான திரவ இணைப்பு.

சி.வி.டி.யில் படிப்படியான கியர்களே கிடையாது. அகலம் மாறும் இரண்டு கப்பிகளும் நடுவில் ஒரு பெல்ட்டும்தான். 1958-இல் டச்சு நிறுவனமான டாஃப் இதை ரப்பர் பெல்ட்டோடு காரில் கொண்டுவந்தது. இப்போது வருவது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட். டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச்: ஒன்று 1, 3, 5 கியர்களுக்கு, மற்றது 2, 4, 6-க்கு. ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். 2003-இல் வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-வில் வந்த பிறகு இது பரவியது. இதிலும் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் ஈர வகை, காற்றில் இருக்கும் உலர் வகை என்று இரண்டு உண்டு.

3. சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க. எத்தனை கிலோமீட்டர் வரும்?

ஒழுங்காகப் பராமரித்த வண்டியில் நான் எதிர்பார்க்கும் அளவைச் சொல்கிறேன். உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேனுவலில் பல்சக்கரங்களும் தண்டுகளும் 3 லட்சம் கி.மீ. தாண்டுவது அபூர்வமில்லை. ஆனால் கிளட்ச் பிளேட் தேய்வதற்கென்றே செய்த பொருள். ஓட்டுபவரின் காலைப் பொறுத்து 60,000-லும் போகும், 1.5 லட்சமும் வரும். ஏ.எம்.டி.க்கும் ஏறத்தாழ இதே கணக்கு. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் 2 முதல் 3 லட்சம். சி.வி.டி. 1.5 முதல் 2 லட்சம், ஆயில் நேரத்துக்கு மாற்றினால் அதற்கு மேலும். ஈர டி.சி.டி. 2 லட்சம் அளவில். உலர் டி.சி.டி.யில் கிளட்ச் மட்டும் முன்னதாகவே மாற்ற வேண்டிவரும்.

4. நானும் என் நண்பரும் ஒரே மாடல்தான் வாங்கினோம். அவருக்கு 2 லட்சம் தாண்டியும் ஓடுது, எனக்கு 90,000-லயே போச்சு. ஏன்?

சூடு. வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் முதலில் நான் சந்தேகப்படுவது சூட்டைத்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் 80, 90 டிகிரி செல்சியஸில் நிம்மதியாக வேலை செய்யும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 90-இல் ஓடியதும் 120-இல் ஓடியதும் மீட்டரில் ஒரே கிலோமீட்டராகத்தான் தெரியும். உள்ளே இருக்கும் ஆயிலுக்கு அப்படி இல்லை.

உங்கள் நண்பர் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுபவராக இருக்கலாம். நீங்கள் தினமும் நெரிசலில் ஊர்ந்து போகிறவராக இருக்கலாம். முதல் கேள்வியில் சொன்ன அந்தக் கடினமான நொடிகள் அவருக்கு 100 கி.மீ.யில் பத்துத் தடவை வந்தால் உங்களுக்கு 10 கி.மீ.யில் நூறு தடவை வருகிறது. மலைப்பாதை, பாரம் ஏற்றிய பயணம், பின்னால் வண்டி கட்டி இழுப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

சூடான ஆயில் கருகி, இழுதாகி, ஆயில் போகும் வாய்க்கால்களில் படிகிறது. அந்த வாய்க்கால்கள் மெல்லியவை. அங்கே அழுத்தம் குறைந்தால், கியரைப் பிடித்து விடும் உள் கிளட்ச்சுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. இந்தச் சுழல் ஒருதடவை ஆரம்பித்துவிட்டால் தானாக நிற்காது.

5. கையேட்டுல 'லைஃப்டைம் ஆயில்'னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் மாத்தச் சொல்றீங்க?

யாருடைய லைஃப் என்பதுதான் கேள்வி. வழக்கமான உபயோகத்தில், உற்பத்தியாளர் தன் கணக்கில் வைத்திருக்கும் ஆயுள்காலம் வரை அந்த ஆயில் தாங்கும் என்பதே அதன் பொருள். நீங்கள் அந்தக் காரை அதற்கு மேலும் வைத்திருக்க விரும்பினால் அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றாது. பல நிறுவனங்களின் கார்களில் இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைச் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கியர்பாக்ஸைச் செய்தவரே அப்படிச் சொல்லும்போது நான் அவர் பக்கம் நிற்கிறேன்.

கையேட்டில் இன்னொரு அட்டவணை இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. 'கடுமையான உபயோகம்' என்ற தலைப்பில், குறைந்த தூரப் பயணம், நெரிசல், மலை, தூசி, பாரம் ஆகியவற்றுக்குத் தனி இடைவெளி கொடுத்திருப்பார்கள். நகரத்துக்குள் ஓட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த அட்டவணையில்தான் வருவார்கள்.

6. அப்ப எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதடவை மாத்தறது?

கையேட்டில் எண் இருந்தால் அதுதான் முதல். இல்லாதபோது நான் சொல்வது: மேனுவலுக்கும் ஏ.எம்.டி.க்கும் 60,000 முதல் 80,000. டார்க் கன்வெர்ட்டருக்கு 60,000 முதல் 80,000, ஃபில்ட்டரையும் சேர்த்து. ஈர டி.சி.டி.க்கு 60,000. சி.வி.டி.க்கு 40,000 முதல் 60,000, இதில் மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

சி.வி.டி.யைத் தனியாக வற்புறுத்த ஒரு காரணம் உண்டு. அதில் எஃகு பெல்ட்டுக்கும் எஃகு கப்பிக்கும் நடுவில் இருப்பது ஆயிலின் ஒரு மெல்லிய படலம் மட்டுமே. அந்தப் படலம் தேய்மானத்தையும் தடுக்க வேண்டும், பெல்ட் வழுக்காமல் பிடியும் கொடுக்க வேண்டும். ஆயில் களைத்துப்போனால் பெல்ட் ஒரு நொடி வழுக்கும். கப்பியின் முகத்தில் கீறல் விழும். அந்தக் கீறலை அப்புறம் எந்த ஆயிலும் சரிசெய்யாது.

7. எல்லாம் ஆயில்தானே? நல்ல பிராண்டா ஒண்ணு ஊத்தினா போதாதா?

போதாது. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்கான ஆயிலை (ஏ.டி.எஃப்.) சி.வி.டி.யில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும். சில நூறு கிலோமீட்டரிலேயே பெட்டி கெட்டுப்போகலாம். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் என்பது மசகு மட்டுமில்லை. கியரை மாற்றும் அழுத்தத்தைக் கடத்துவது, சூட்டை வெளியே கொண்டுபோவது, கிளட்ச் எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் வேலை.

மேனுவலிலும் இது உண்டு. ஜி.எல்.-4 என்ற தரக் குறியீடுள்ள கியர் ஆயிலைக் கேட்கும் கியர்பாக்ஸில் 'அதைவிட உசத்தி' என்று ஜி.எல்.-5 ஊற்றுகிறார்கள். ஜி.எல்.-5-இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் அதிகம். இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பின்சக்கர டிஃபரன்ஷியலுக்கு அது தேவை. ஆனால் கியர் விழும்போது வேகங்களைப் பொருத்தும் சின்க்ரோ வளையங்கள் பெரும்பாலும் பித்தளை. அவை வேலை செய்வதே உராய்வினால்தான். அளவுக்கு மீறி வழுக்கலான ஆயிலில் அவை பிடிக்காமல், கியர் கரகரவென்று விழும். 1928-இல் காடிலாக் கார்களில் சின்க்ரோ வருவதற்கு முன்னால், இன்ஜின் வேகத்தையும் கியர் வேகத்தையும் ஓட்டுபவரே காதால் கேட்டுப் பொருத்தித்தான் கியர் போட்டார். அந்த வேலையைத்தான் இந்தச் சின்ன வளையங்கள் இன்று செய்கின்றன. டப்பாவின் விலையையும் பெயரையும் விட்டுவிட்டு, கையேட்டில் உள்ள தரக் குறியீடு டப்பாவின் பின்பக்கம் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

8. 'இவ்வளவு நாள் மாத்தாத ஆயிலை இப்ப மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்'னு மெக்கானிக் பயமுறுத்தறார். உண்மையா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாதி உண்மை. கியர் வழுக்க ஆரம்பித்து, ஆயில் கருகிய வாடை வந்த பிறகு ஆயில் மாற்ற வருகிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். அந்த வண்டியில் கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. தேய்ந்த துகள்கள் ஆயிலில் மிதந்து கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். புது ஆயில் ஊற்றியதும் அதுவும் போகும். அடுத்த மாதம் கியர்பாக்ஸ் நின்றால் பழி புது ஆயிலின் மேல் விழும். ஆயில் மாற்றாமல் இருந்திருந்தாலும் அது நின்றிருக்கும், கொஞ்சம் தாமதமாக.

கியர் இன்னும் சரியாக மாறுகிறது, வழுக்கல் இல்லை என்றால் 1.2 லட்சம் ஓடியிருந்தாலும் மாற்றுங்கள். ஆனால் அழுத்தம் கொடுத்துத் தள்ளும் ஃபிளஷ் வேண்டாம். வடித்து, வடிந்த அளவு ஊற்றினால் போதும். 8 லிட்டர் பிடிக்கும் கியர்பாக்ஸில் ஒருதடவை வடித்தால் 4 லிட்டர் அளவுதான் வெளியே வரும்; மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் பாதி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், சில ஆயிரம் கி.மீ. இடைவெளியில் மூன்று தடவை செய்தபின் பழைய ஆயில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கியர்பாக்ஸுக்கும் அதிர்ச்சி இல்லை.

வடிக்கும்போது பக்கத்தில் நின்று டிரெயின் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகளோ பளபளக்கும் தகடுகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

9. ஆயில் அளவை நானே பார்க்க முடியுமா?

ஆயிலில் விட்டுப் பார்க்கும் அளவுகோல் (டிப்ஸ்டிக்) இருக்கும் கார்களில் முடியும். பெரும்பாலானவற்றில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடான பிறகு, சமதளத்தில், இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சிலவற்றில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எது என்று கையேடு சொல்லும். இப்போது வரும் பல கார்களில் அளவுகோலே கிடையாது. அதில் ஆயிலின் வெப்பநிலையைக் கருவியில் பார்த்துக்கொண்டே அளவை வைக்க வேண்டும். அது பட்டறை வேலை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு ஆயில் பழுப்பாவது இயல்பு. முகர்ந்து பாருங்கள், தீய்ந்த வாடை அடித்தால் கவலைப்படுங்கள். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையாலும் அழுத்தம் நிற்காது. 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்பது இங்கே உதவாது.

10. எப்பவும் கிளட்ச் மேல கால் வச்சுத்தான் ஓட்டறேன், பழகிடுச்சு. தப்பா?

தப்புதான். பாதத்தின் எடையே, மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை ஓயாமல் சுழல வைக்கப் போதும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிளேட் லேசாக வழுக்கும். உங்களுக்குத் தெரியாது, பிளேட்டுக்குத் தெரியும். கிளட்ச்சுக்குப் பக்கத்தில் காலை வைக்கத்தான் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அதைவிட மோசமானது மேட்டில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்திவைப்பது. அங்கே பிரேக் செய்ய வேண்டிய வேலையைக் கிளட்ச் செய்கிறது. ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் அதை விடுங்கள். ஏ.எம்.டி., டி.சி.டி. ஓட்டுபவர்களுக்கும் இதே விஷயம். மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்துவைத்தால் உள்ளே கிளட்ச் வெந்துகொண்டிருக்கும்.

கியர் லீவர் மேல் கையை ஊன்றி ஓட்டுவதையும் விடுங்கள். லீவரின் மறுமுனையில் கியரை நகர்த்தும் ஃபோர்க், சுழலும் வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும்.

11. சத்தம் வருது. கிளட்ச்சா கியர்பாக்ஸான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மேனுவலில் இதைப் பணம் செலவழிக்காமல் வீட்டிலேயே பாதி கண்டுபிடிக்கலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். கிளட்ச்சை மிதிக்காதபோது இரைச்சல் இருந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியருக்கு மட்டும் கரகரப்பு என்றால் அந்த கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. எல்லா கியரும் விழ மறுக்கிறது, ரிவர்ஸும் கடகடக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிளையோ ஹைட்ராலிக்கையோ முதலில் பாருங்கள்.

நியூட்ரலில் உருண்டு போகும்போதும் வேகத்துக்கு ஏற்ப முனகல் ஏறி இறங்கினால் டிஃபரன்ஷியலோ சக்கர பேரிங்கோ இருக்கலாம். ரிவர்ஸில் மட்டும் வீயென்று வரும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் பற்கள் நேராக வெட்டப்பட்டிருக்கும்; அதன் குரலே அப்படித்தான்.

12. ஆட்டோமேட்டிக்ல சிக்னல்ல நியூட்ரலுக்கு மாத்தணுமா?

டார்க் கன்வெர்ட்டரிலும் சி.வி.டி.யிலும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குத் தேவையில்லை. பிரேக்கை அழுத்தி டிரைவிலேயே நில்லுங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் மாற்றி மாற்றிப் போட்டால் கிளட்ச் அத்தனை தடவை கூடுதலாகப் பிடித்து விட வேண்டியிருக்கும். ஏ.எம்.டி.யில் நீண்ட நேரம் நிற்பதென்றால் நியூட்ரல் நல்லது, கிளட்ச்சைப் பிரித்துவைத்திருக்கும் பாகங்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

டி.சி.டி.யில் பிரேக்கை நன்றாக அழுத்துங்கள், அப்போதுதான் கிளட்ச் முழுதாக விடும். லேசாக அழுத்தி வண்டியை அங்குலம் அங்குலமாக நகர விடுவதுதான் உலர் டி.சி.டி.யின் பெரிய எதிரி. முன்னால் போகும் வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட்டு, இடம் கிடைத்ததும் ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள்.

13. இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சமாகுமே?

கார்பரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய இன்ஜின்களில் கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் எரிபொருளையே நிறுத்திவிடும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் கொடுத்தே ஆக வேண்டும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடுகிறது. ஓடும்போது திரும்ப டிரைவுக்குத் தள்ளினால் கிளட்ச்சுகளுக்கு அடி விழும்.

14. பார்க்ல போட்டா வண்டி நகராது. அப்புறம் ஹேண்ட்பிரேக் எதுக்கு?

பார்க்கில் வண்டியைப் பிடித்திருப்பது விரல் அளவு ஒரு கொக்கி, ஒரு பல்லில் மாட்டிக்கொண்டு. சரிவில் வண்டியின் மொத்த எடையும் அதன் மேல் சாய்கிறது. பார்க்கிலிருந்து எடுக்கும்போது டணார் என்று ஒரு சத்தம் வருமே, அது அந்தக் கொக்கி விடுபடும் சத்தம். பிரேக்கை அழுத்திக்கொண்டு நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பிரேக்கை விட்டு வண்டியை அதன் மேல் உட்கார விடுங்கள். பிறகு பிரேக்கை மறுபடி அழுத்திப் பார்க்குக்கு மாற்றுங்கள். இரண்டு நொடி வேலை. வண்டி முழுதாக நிற்கும் முன் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கோ, பார்க்குக்கோ ஒருபோதும் மாற்றாதீர்கள்.

15. டிரைவ்ல போட்டா ஒரு நொடி கழிச்சு தூக்கிப் போடுது. 70-ல போகும்போது குலுங்குது. கியர்பாக்ஸ் போயிடுச்சா?

அவசரப்பட வேண்டாம். கியர்பாக்ஸ் மேல் போட்ட பழி வேறு இடத்தில் முடிந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ மாற்றும்போது தடாலென்று அடித்தால் முதலில் இன்ஜின் மவுன்ட் ரப்பர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் தப்பான பிழைகளைக் காட்டும். வண்டியை இழுக்கும்போது மட்டும் விட்டுவிட்டுக் குலுங்கினால் ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ காரணமாக இருக்கலாம்.

60, 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது வரிவரியான பாலத்தின் மேல் ஓடுவது போல நடுங்குகிறதா? அப்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்து, இடது காலை வைக்காமல் வலது காலாலேயே, பின்னால் வண்டி இல்லாத இடத்தில், பிரேக்கை லேசாகத் தொட்டு எடுங்கள். நடுக்கம் சட்டென்று நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் டார்க் கன்வெர்ட்டரின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டும் கிளட்ச் வழுக்குகிறது என்று சந்தேகிக்கலாம். ஆரம்பத்திலேயே கவனித்தால் சரியான ஆயில் மாற்றியதிலேயே இது தீர்ந்துவிடுவதுண்டு.

தாமதம் இரண்டு நொடிக்கு மேல் போகிறது, அல்லது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் நிலைமை வேறு. அப்படி ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சேதத்தைக் கூட்டும். ஓரம் கட்டிவிட்டு அடுத்த கேள்விக்கு அடுத்ததைப் படியுங்கள்.

16. கியர்பாக்ஸ் ஆயில் ரோஸ் கலர்ல பால் மாதிரி இருக்கு. என்ன அர்த்தம்?

தண்ணீர் கலந்துவிட்டது. பல கார்களில் ஏ.டி.எஃப்.பைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. அது உள்ளுக்குள் அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலக்கும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டியில் கியர்பாக்ஸின் மேலே இருக்கும் மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீர் இறங்கும்.

ஆட்டோமேட்டிக்கின் கிளட்ச் பிளேட்டுகளில் இருப்பது காகித இழையால் ஆன உராய்வுப் படலம், பசையால் எஃகின் மேல் ஒட்டப்பட்டது. அது தண்ணீரைக் குடித்து ஊறி, பசை விட்டுக்கொள்ளும். இதனால்தான் ஆயிலை மாற்றிவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடிவதில்லை. சில வாரம் கழித்துப் படலம் உரியும். உடனே இன்ஜினை அணைத்து, ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். குழாய் அரிப்பதைத் தடுக்க வழி, கூலன்ட்டைக் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுவது. கூலன்ட் கியர்பாக்ஸையும் காக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

17. நடுவழியில நின்னுடுச்சு. கயிறு கட்டி இழுத்துட்டுப் போகலாமா?

மேனுவல் என்றால் பெரும்பாலும் நியூட்ரலில் இழுக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் பம்பைச் சுழற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றிருக்க, சக்கரம் உருண்டால் உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் சுழலும். அதனால் இயங்கும் சக்கரங்கள் தரையில் படக்கூடாது. முன்சக்கர இயக்கம் என்றால் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்துக்கும் மின்சாரக் காருக்கும் நான்கு சக்கரமும் ஏறும் தட்டு வண்டிதான் சரி.

18. பழைய கார் ஒண்ணு பார்த்திருக்கேன். கியர்பாக்ஸை எப்படிச் சோதிக்கறது?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை அழுத்தி டிரைவ், ரிவர்ஸ் இரண்டிலும் போட்டு, பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பல கோளாறுகள் ஆயில் முழுதாகச் சூடான பிறகுதான் தலைகாட்டும். மேட்டில் ரிவர்ஸ் ஏற்றிப் பாருங்கள்.

மேனுவலில் கிளட்ச்சுக்கு ஒரு சோதனை: சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் முடிந்துவிட்டது. இதை ஒருதடவைக்கு மேல் செய்யாதீர்கள். பதினொன்றாம் கேள்வியில் உள்ள சத்தச் சோதனைகளையும் சேர்த்துச் செய்யுங்கள். ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

19. மின்சாரக் கார்ல கியர்பாக்ஸே இல்லையாமே?

இருக்கிறது, பெரும்பாலும் ஒரே ஒரு கியரோடு. மோட்டார் பூஜ்யத்திலிருந்தே முழு இழுவை தருவதால் பல கியர்கள் தேவைப்படுவதில்லை. ஆனால் மோட்டாரின் வேகத்தை ஏறக்குறைய 8-இல், 10-இல் ஒரு பங்காகக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்க ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டு. அதற்குள் ஆயிலும் உண்டு. கிளட்ச் இல்லாததால் அந்த ஆயில் மெதுவாகத்தான் அழுக்காகும். கசிவு இருக்கிறதா என்று சர்வீஸின்போது பார்க்கச் சொல்வது போதும். மாற்றும் காலம் கையேட்டில் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

20. கியர்பாக்ஸ் போயே போச்சு. பிரிச்சு சரிபண்றதா, புதுசா, இல்ல பழசு ஒண்ணு வாங்கிப் போடறதா?

முதலில் என்ன போனது என்று தெரிய வேண்டும். ஆயில் ஓட்டத்தை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு ஒன்று அடைத்ததற்கு முழுப் பெட்டியை மாற்றியவர்கள் உண்டு. பிழைக் குறியீடு, ஆயில் அழுத்தம், வடித்த ஆயிலில் என்ன வந்தது, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இது இல்லாமல் 'மொத்தமா மாத்தணும்' என்று சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

மேனுவலைப் பிரித்துச் சரிசெய்வதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம். பேரிங்கும் சின்க்ரோவும் மாற்றினால் இன்னொரு ஆயுள் ஓடும். டார்க் கன்வெர்ட்டரையும் அந்த வகையில் பழகிய கை இருந்தால் பிரிக்கலாம். சி.வி.டி.யில் கப்பி கீறியிருந்தால் முழுப் பெட்டியாக மாற்றுவதையே நான் சொல்வேன். பழைய கார்களிலிருந்து கழற்றிய பெட்டி வாங்குவதென்றால் அதன் ஆயிலைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எட்டாம் கேள்வியில் சொன்ன காந்தமும் ஒன்பதாம் கேள்வியில் சொன்ன மூக்கும் இங்கேயும் உதவும்.

எந்த வழியில் போனாலும், ஒன்றைப் பட்டறையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய கியர்பாக்ஸ் உடைந்தபோது பறந்த உலோகத் துகள்கள் ஆயில் கூலரிலும் அதன் குழாய்களிலும் போய் உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கழுவாமல், முடிந்தால் கூலரையே மாற்றாமல், புதிய பெட்டியை மாட்டினால் முதல் நாளே அந்தத் துகள்கள் அதற்குள் இறங்கும். அப்படிப் போன இரண்டாவது கியர்பாக்ஸைப் பிரித்திருக்கிறேன். உள்ளே எல்லாம் புதிதாக இருந்தது, ஆயிலை வழிநடத்தும் வால்வு பாடியில் மட்டும் பழைய பெட்டியின் தூள்.